தந்தி அறுந்தால் மாற்றலாம், விரல் வலித்தால்?
மேடைக் கித்தார் கலைஞர்களின் விபத்துகள் சொல்லும் பாடம்

1989ஆம் ஆண்டு, அமெரிக்காவின் தக்கோமா நகரில் 'தி ஹூ' இசைக்குழுவின் நிகழ்ச்சி. கித்தார் கலைஞர் பீட் டவுன்ஷெண்ட் தமக்கே உரிய பாணியில் கையைக் காற்றாடி போல் சுழற்றித் தந்திகளை மீட்டுகிறார். அந்த வேகத்தில், கித்தாரில் நீட்டிக்கொண்டிருந்த உலோகக் கம்பி அவரது வலது கையைத் துளைத்துவிட்டது. மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார்கள். காயம் ஆறியது; சுற்றுப்பயணமும் தொடர்ந்தது.

ஆனால், அதே சுற்றுப்பயணத்தில் அவர் பெரும்பாலும் அக்கூஸ்டிக் கித்தாரையே வாசித்தார். மின் கித்தாரின் பெரும்பகுதியை இன்னொரு கலைஞர் கவனித்துக்கொண்டார். காரணம் அந்தக் கைக்காயம் அல்ல. பல ஆண்டுகளாக உரத்த ஒலியில் வாழ்ந்த அவரது காது பாதிக்கப்பட்டிருந்தது. எல்லாரும் பார்த்த காயம் ஆறிவிட்டது. யார் கண்ணுக்கும் தெரியாத காயம் நிலைத்துவிட்டது.

இது எங்கோ நடந்த கதை என்று ஒதுக்கிவிட முடியாது. கித்தார் நமக்கு அந்நியமான கருவி அல்ல. பினாங்கின் ஆறுமுகம் சகோதரர்கள் உருவாக்கிய 'அலிகேட்ஸ்' இசைக்குழுவை மலேசியர் எல்லாருக்கும் தெரியும். மலேசியாவில் பிறந்து, சிங்கப்பூர் மேடைகளில் ஒற்றைக் கித்தாருடன் பெயர் பெற்று, 2012இல் மறைந்தவர் பால் பொன்னுதுரை. இன்று ஷா ஆலத்தில் படிக்கும் நம் மாணவர்களிலும், வார நாட்களில் விரிவுரை, வார இறுதியில் மேடை என்று ஓடுபவர்கள் இருக்கிறார்கள். கிள்ளானில் திருமண விருந்து, பிரிக்பீல்ட்ஸில் கலை நிகழ்ச்சி, தீபாவளி மாதத்தில் திறந்த இல்ல உபசரிப்பு என அழைப்புகள் வருகின்றன. அந்தப் பணம் சிலருக்குக் கைச்செலவு. சிலருக்கு அறை வாடகை. எனவே மேடையில் நடக்கும் ஒரு சிறு விபத்து அடுத்த மாதத்துக் கணக்கையே புரட்டிப்போடக்கூடும்.

*தந்தி அறுந்த நேரம்*

மேடையில் அடிக்கடி நேரும் சங்கடம் தந்தி அறுவதுதான். எரிக் கிளாப்டன் 1960களில் 'யார்ட்பேர்ட்ஸ்' குழுவில் இருந்தபோது, தந்தி அறுந்தால் மேடையிலேயே நின்று மாற்றுவாராம். அதுவரை கூட்டம் மெதுவாகக் கைதட்டிக்கொண்டிருக்கும். 'ஸ்லோஹேண்ட்' என்ற பட்டப்பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம். பின்னர் 1977இல் அந்தப் பெயரிலேயே ஓர் இசைத்தொகுப்பையும் வெளியிட்டார்.

கிளாப்டனுக்குக் காத்திருந்த கூட்டம் நமக்கும் காத்திருக்கும் என்று நம்ப முடியாது. மணமக்கள் மண்டபத்துக்குள் நுழையும் நேரத்தில் நாம் தந்தி மாற்றிக்கொண்டிருக்க முடியுமா? மெல்லிய முதல் தந்திதான் பெரும்பாலும் அறுகிறது. அது போனாலும் மற்ற ஐந்து தந்திகளில் கார்டுகளைப் பிடித்துப் பாடலை முடித்துவிடலாம். இதை வீட்டிலேயே பழக வேண்டும். முதல் தந்தியைத் தொடாமல் ஒரு முழுப் பாடலை வாசித்துப் பாருங்கள். இரண்டு நாளில் கை பழகிவிடும்.

நம் வானிலையும் ஒரு காரணம். ஈரப்பதமும் விரல் வியர்வையும் சேர்ந்து தந்தியைச் சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கின்றன. துருவேறிய தந்திதான் எளிதில் அறும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து வைத்தாலே அதன் ஆயுள் கூடும். குளிரூட்டிய காரிலிருந்து இறக்கிய கித்தாரை உடனே சுருதி சேர்த்து மேடையேறினால், இரண்டாவது பாடலுக்குள் சுருதி விலகிவிடும். இருபது நிமிடமாவது அந்த இடத்துக் காற்றில் வைத்துவிட்டு, பிறகு சுருதி சேருங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் கித்தாரை விட்டுச் செல்லவே கூடாது. வெப்பத்தில் பசை இளகி, தந்திகளைத் தாங்கும் பாலம் பெயர்ந்துவிடும்.

பையில் எப்போதும் இருக்க வேண்டியவை: ஒரு முழுத் தந்தித் தொகுதி, கூடுதல் கேபள், பிக் நான்கைந்து, 9 வோல்ட் பேட்டரி, பிளக்குக்கான ஃபியூஸ், சிறிய டார்ச் லைட், ஒட்டு நாடா, பிளாஸ்டர். இவை எல்லாமே ஒரு பென்சில் பெட்டிக்குள் அடங்கிவிடும்.

*விளையாடக் கூடாத மின்சாரம்*

தந்தி அறுந்தால் சங்கடம் மட்டுமே. மின்சாரத்தில் கோளாறு என்றால் உயிருக்கே ஆபத்து. 1965 டிசம்பரில் கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ நகரில், 'ரோலிங் ஸ்டோன்ஸ்' குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் வாசித்துக்கொண்டிருந்தபோது அவரது கித்தார் மைக் தாங்கியில் பட்டது. மின்சாரம் தாக்கி மயங்கி விழுந்தார். தடித்த ரப்பர் அடிப்பாகம் கொண்ட காலணிகள்தான் அவரைக் காப்பாற்றின என்று கூறப்படுகிறது. 1972 மே 3ஆம் தேதி வேல்ஸின் சுவான்சி நகரில், 'ஸ்டோன் தி குரோஸ்' குழுவின் கித்தார் கலைஞர் லெஸ் ஹார்விக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. சரியாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டதும் மின்சாரம் தாக்கி இறந்தார்.

ஏன் இப்படி நடக்கிறது? கித்தார் தந்திகள் கேபள் வழியாக ஆம்ப்ளிபையரின் எர்த்துடன் இணைந்திருக்கின்றன. மைக் வேறொரு கருவியுடன் இணைந்திருக்கிறது. இரண்டில் ஒன்றின் எர்த் கோளாறாகி, அதன் உலோகப் பகுதியில் மின்சாரம் பாய்ந்திருந்தால், தந்தியில் கையும் மைக்கில் உதடும் வைத்திருக்கும் கலைஞரின் உடல்தான் அந்த மின்சாரத்துக்குப் பாதையாகிறது.

கிள்ளான் பள்ளத்தாக்கின் மாலை மழை நமக்குத் தெரிந்ததே. கூடாரத்துக்கு அடியில், ஈரப் புல்லின்மேல் இணைப்புக் கம்பிகள் கிடக்கும் மேடைகள் இங்கு அரிதல்ல. மூன்று முள் பிளக்கின் எர்த் இணைப்பை எக்காரணம் கொண்டும் துண்டிக்காதீர்கள். அதைப் பயனற்றதாக்கும் இரண்டு முள் அடாப்டரையும் பயன்படுத்தாதீர்கள். கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி கருவி இருக்கிறதா என்று ஒலி அமைப்பாளரிடம் கேளுங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே நொடிப்பொழுதில் துண்டிக்கும் வகை மனித உயிரைக் காக்க உதவும். மைக்கைத் தொடும்போது உதட்டில் 'சுருக்' என்று சிறு அதிர்வு தெரிந்தாலும் வாசிப்பை நிறுத்துங்கள். அது எச்சரிக்கை. இடி இடித்தால் திறந்தவெளி மேடையை விட்டு இறங்குங்கள். "நிகழ்ச்சி கெட்டுவிடும்" என்று யாராவது சொன்னாலும் இறங்குங்கள்.

*கால் முறிந்தவர் செய்த இரண்டு காரியங்கள்*

2015 ஜூன் 12ஆம் தேதி சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் 'ஃபூ ஃபைட்டர்ஸ்' குழுவின் டேவ் குரோல், இரண்டாவது பாடலின்போது மேடையிலிருந்து கீழே விழுந்து காலை முறித்துக்கொண்டார். அவருக்கு முதலுதவி நடந்துகொண்டிருந்தபோது குழுவின் மற்றவர்கள் வாசிப்பை நிறுத்தவில்லை. பிறகு அவரே திரும்பி வந்து, உட்கார்ந்தபடி மீதி நிகழ்ச்சியை நடத்தி முடித்தார்.

இந்தக் கதையை எல்லாரும் இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். "பார், கால் உடைந்தும் வாசித்தான்!" என்று வியப்பதற்கு அது வசதியாக இருக்கிறது. ஆனால் அதற்கு அடுத்து அவர் செய்த காரியம் அதைவிட முக்கியமானது. லண்டன் வெம்ப்ளி, கிளாஸ்டன்பரி விழா உள்ளிட்ட அடுத்தடுத்த நிகழ்ச்சிகளை இரத்து செய்தார். அறுவை சிகிச்சை செய்துகொண்டார். ஜூலை 4ஆம் தேதி வாஷிங்டனில் மேடையேறியபோதும் நிற்க முயலவில்லை. அதற்கென்றே செய்த பெரிய நாற்காலியில் அமர்ந்து வாசித்தார்.

இதில் நாம் எடுத்துக்கொள்ள இரண்டு செய்திகள் உண்டு. முதலாவது, ஒருவர் விழுந்தால் மற்றவர்கள் எதை வாசிப்பது என்பதைக் குழு முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். கித்தார் இல்லாமலே கீபோர்டும் தாளமும் தாங்கக்கூடிய இரண்டு பாடல்கள் கைவசம் இருந்தால் போதும். இரண்டாவது, ஓய்வெடுப்பதும் தொழிலின் ஒரு பகுதி.

*சத்தமில்லாத காயம்*

மேடையிலிருந்து விழுந்தால் எல்லாரும் ஓடி வருவார்கள். மணிக்கட்டு வலித்தால் யாருக்கும் தெரியாது. நிகழ்ச்சிக்கு முந்திய வாரம் ஒரே மூச்சில் ஐந்து மணி நேரம் பயிற்சி செய்வது, காலையில் மடிக்கணினியில் இடுபணி தட்டச்சு, இரவில் கைப்பேசி. இவை எல்லாமே அதே தசைநார்களைத்தான் உழைக்க வைக்கின்றன.

சோர்வையும் காயத்தையும் பிரித்தறியத் தெரிய வேண்டும். ஓய்வெடுத்தால் மறைவது சோர்வு. மறுநாள் காலையிலும் இருக்கும் வலி, ஒரே இடத்தில் குத்தும் வலி, விரல் மரத்துப்போவது, இரவில் கூச்சமெடுத்துத் தூக்கம் கலைவது ஆகியவை மருத்துவரைப் பார்க்கச் சொல்லும் அறிகுறிகள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போனால் மணிக்கட்டுக்குள் நரம்பு அழுத்தப்படுகிறது என்று சந்தேகிக்கலாம். மோதிர விரலும் சுண்டுவிரலும் என்றால் முழங்கை வழியாகச் செல்லும் நரம்பில் சிக்கல் இருக்கலாம். வலிநிவாரணி போட்டுக்கொண்டு மேடையேறுவது, எச்சரிக்கை மணியை அணைத்துவிட்டுத் தூங்குவதற்குச் சமம்.

மேடைக்கு முன் பத்து நிமிடம் மெதுவாக வாசித்துக் கையைச் சூடேற்றுங்கள். பயிற்சியில் அரை மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் கித்தாரைக் கீழே வையுங்கள். இடது மணிக்கட்டை அளவுக்கு மீறி வளைக்காதபடி தோள்வாரின் நீளத்தைச் சரிசெய்யுங்கள்.

காதுக்கும் ஒரு கணக்கு உண்டு. பணியிடப் பாதுகாப்பில் பரவலாகக் கையாளப்படும் அளவுப்படி, 85 டெசிபல் ஒலியை ஒரு நாளில் 8 மணி நேரம் கேட்கலாம். ஒலி 3 டெசிபல் கூடும் ஒவ்வொரு முறையும் அந்த நேரம் பாதியாகும். அப்படியானால் 100 டெசிபலில் 15 நிமிடம்தான். மேடையில் டிரம்ஸுக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு இந்த வரம்பு முதல் மூன்று, நான்கு பாடல்களிலேயே தீர்ந்துவிடலாம். காதடைப்பான் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மேல் போகாது.

*வழியை மாற்றியவர்கள்*

ஜாங்கோ ரைன்ஹார்ட்டுக்கு 18 வயது இருக்கும்போது, 1928இல் அவர் வாழ்ந்த வண்டிவீடு தீப்பிடித்தது. இடது கையின் மோதிர விரலும் சுண்டுவிரலும் ஏறக்குறைய செயலிழந்தன. எஞ்சிய இரண்டு விரல்களால் தனி வாசிப்பை அவர் புதிதாகக் கற்றுக்கொண்டார். 1934இல் பாரிஸில் அவர் இடம்பெற்ற குழு, ஐரோப்பிய ஜாஸ் இசையின் அடையாளமாகவே ஆனது.

இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் டோனி ஐயோமிக்கு 17 வயதில் இன்னொரு விபத்து. உலோகத் தொழிற்சாலையில் அவரது கடைசி வேலை நாளன்று, இயந்திரம் இரண்டு விரல் நுனிகளைத் துண்டித்துவிட்டது. மனமுடைந்திருந்தவருக்கு மேற்பார்வையாளர் ஜாங்கோவின் இசைத்தட்டைக் கொடுத்தார். ஐயோமி பிளாஸ்டிக் போத்தலை உருக்கி விரல் நுனிகளுக்கு உறை செய்துகொண்டார். மெல்லிய தந்திகளைப் பூட்டினார். பிற்பாடு விரலுக்கு எளிதாக இருக்கச் சுருதியையும் தாழ்த்தினார். அந்தத் தாழ்ந்த, கனத்த ஒலிதான் 'பிளாக் சபாத்' குழுவின் முத்திரையானது.

இவர்களை 'வலியைப் பொறுத்துக்கொண்டவர்கள்' என்று மட்டும் சொல்வது போதாது. கை எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று நேர்மையாகப் பார்த்து, வாசிக்கும் முறையை மாற்றிக்கொண்டவர்கள் இவர்கள்.

*நாளை வாசிக்க முடியாவிட்டால்?*

மாதச் சம்பளம் பெறுபவருக்கு மருத்துவ விடுப்பு உண்டு. மேடைக் கலைஞருக்கு, வாசித்தால்தான் பணம். வலியை மறைத்து மேடையேறுவதற்கு உண்மையான காரணம் இதுதான். எனவே தீர்வும் இங்கிருந்தே தொடங்க வேண்டும்.

உங்கள் பாடல்களை வாசிக்கத் தெரிந்த இரண்டு நண்பர்களோடு உடன்பாடு செய்துகொள்ளுங்கள்: எனக்கு முடியாதபோது நீ, உனக்கு முடியாதபோது நான். பாடல் பட்டியலையும் சுருதிக் குறிப்புகளையும் பகிர்ந்து வையுங்கள். நிகழ்ச்சி ஒப்புக்கொள்ளும்போதே முன்பணம், இரத்தானால் என்ன செய்வது, மாற்றுக் கலைஞர் வரலாமா ஆகியவற்றை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் உறுதி செய்யுங்கள்.

சொக்சோ என்று நாம் அழைக்கும் பெர்கேசோவின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புத் திட்டமும் இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் 789ஆவது சட்டத்தின் கீழ் முதலில் டாக்சி, இ-ஹெய்லிங் ஓட்டுநர்களுக்காகத் தொடங்கிய இத்திட்டம், பின்னர் கலைஞர்கள் உள்ளிட்ட பல துறைகளுக்கு விரிவாக்கப்பட்டது. வேலையின்போது ஏற்படும் விபத்துக்கு மருத்துவ உதவியும், தற்காலிகமாக வேலை செய்ய முடியாத காலத்துக்கு உதவித்தொகையும் இதில் அடங்கும். தொடர்ந்து மேடையேறும் மாணவர்கள் அருகிலுள்ள பெர்கேசோ அலுவலகத்தில் விசாரித்துப் பார்க்கலாம்.

இருபது வயதில் கை எதையும் தாங்கும் என்று தோன்றும். ஆனால் நாற்பது வயதிலும் வாசிக்கப்போவது இதே கைதான். இந்த வாரம் மேடையேறும் முன் கித்தாரின் சுருதியைச் சரிபார்ப்பது போல் கை, காது, பிளக் மூன்றையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.