விசில் அடிக்காத குக்கரும் வெள்ளை அவரைச் சூப்பும்

பின்னேர வேலை முடிந்து இரவு பத்தரைக்கு வீடு வருகிறவர்களுக்குத் தெரியும், அந்த நேரத்துப் பசி எப்படிப்பட்டது என்று. பஸ்ஸுக்கு நின்ற கால் குளிரில் விறைத்துப் போயிருக்கும். சோறு வைக்கப் பொறுமை இராது. பாணில் மார்ஜரீனைப் பூசி, நின்றபடியே விழுங்கிவிட்டுப் படுக்கிற கதைதான் எங்கள் வீட்டிலும் முதல் இரண்டு வருடம் நடந்தது. நாங்கள் இருவரும் வேலை. ஒருவர் காலை 6 மணிக்குப் போய் 2 மணிக்கு முடிக்க, மற்றவர் 2 மணிக்குத் தொடங்கி இரவு 10 மணிக்கு முடிப்பார். கிழமையில் பாதி நாள் நாங்கள் ஒருவரை ஒருவர் காண்பது பஸ் தரிப்பிடத்தில்தான். பிள்ளைகளோ பள்ளிக்கூடத்தில் மத்தியானம் சாப்பிட்டதோடு சரி. இரவில் அவர்களுக்கும் பாண்.

எங்களைப்போல ஜேர்மனிக்குப் புதிதாக வந்து குடியேறியிருக்கிற குடும்பங்களுக்காக இதை எழுதுகிறோம். நாங்கள் 2014 இல் வந்தவர்கள். சமையல் படித்தவர்கள் அல்ல. ஓ.எல். வரைக்கும் படித்துவிட்டு வந்து இங்கே இரும்புத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறவர்கள். ஆனால் ஒரு சட்டி அவரையையும் நாலு சொசேஜையும் வைத்து இந்தப் பாண் கதையை நிறுத்தியிருக்கிறோம். அதற்கிடையில் ஒருமுறை ஆஸ்பத்திரிக்கும் ஒருமுறை டொக்டரிடமும் போய் வந்திருக்கிறோம். அந்த இரண்டையும் நீங்கள் செய்ய வேண்டியதில்லை.

முதலில் ஆஸ்பத்திரிக் கதை. அப்போது நாங்கள் அகதி முகாமில் இருந்தோம். பொதுக் குசினி. ஆறு குடும்பத்திற்கு மூன்று மின் அடுப்பு. ஒருநாள் கடையில் சிவப்பாக விதைப் பைக்கற் ஒன்றைக் கண்டோம். அட, கௌபி என்று நினைத்து வாங்கினோம். ஊரில் கௌபியை அவித்து, தேங்காய்ப்பூப் போட்டுச் சாப்பிட்ட நினைவு வந்துவிட்டது. ஊறப்போடவில்லை. அடுப்புக்கு ஆட்கள் காத்து நின்றதால் சூட்டைக் குறைத்து மூலையில் வைத்து, அரைகுறையாக வெந்ததை இறக்கிச் சாப்பிட்டோம். இரண்டு மணித்தியாலம் ஆகவில்லை, நாலு பேருக்கும் சத்தியும் வயிற்றோட்டமும். சின்னவனுக்கு அப்போது மூன்று வயது. அவன் துவண்டு விழ, பக்கத்து அறைக்காரர் 112 க்கு அடித்தார்.

அது கௌபி அல்ல, கிட்னி அவரை. போஞ்சி இனத்தின் முற்றிய விதை. இந்த இனத்து விதைகளில், சிவப்பில் கூடுதலாக, பாசின் என்று ஒரு நச்சு இருக்கிறது. நன்றாகக் கொதித்தால் அது அழிந்துவிடும். கொதிக்காத இளஞ்சூட்டில் மணிக்கணக்காகக் கிடந்தாலும் அழியாது. வேகாத விதை நாலைந்து போதும், ஆளைப் படுக்கவைக்க. இரவு ஊறப்போட்டு, ஊறிய தண்ணீரை ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் குமிழி தள்ளக் கொதிக்க வேண்டும். அதன்பிறகுதான் மெல்ல அவிக்கலாம். பச்சைப் போஞ்சியையும் இங்கே சலாட்டுக்குப் பச்சையாக வெட்டிப் போடக்கூடாது என்பது இதனால்தான். ஆஸ்பத்திரியில் இதையெல்லாம் ஒரு தாதி கையால் படம் கீறித்தான் விளங்கப்படுத்தினா. எங்களுக்கு அப்போது டொச்சில் தெரிந்தது நன்றி என்ற ஒரு சொல்தான். அதைத் திரும்பத் திரும்பச் சொன்னோம்.

பிறகு வீடு கிடைத்து வந்த இடத்தில் மேல்மாடியில் ஒரு டொச்சு அம்மா. எண்பது வயது கடந்தவ. ஒரு மார்கழி மாதம் கதவைத் தட்டி ஒரு கோப்பை சூப் தந்தா. வெள்ளை அவரை, கிழங்கு, கரட், புகைபோட்ட சொசேஜ் எல்லாம் ஒன்றாய்க் கிடந்தன. உறைப்பு இல்லை. ஆனாலும் வயிறு சூடாகி, பிள்ளைகள் கோப்பையை வழித்துச் சாப்பிட்டார்கள். "உதைத்தான் பள்ளிக்கூடத்திலையும் தாறவை" என்றான் மூத்தவன். அவன் அதுவரை தான் பள்ளிக்கூடத்தில் என்ன சாப்பிடுகிறான் என்று எங்களுக்குச் சொன்னதேயில்லை. நாங்களும் கேட்கவில்லை.

இந்தச் சாப்பாட்டுக்கு இங்கே ஐன்டொப் என்று பெயர். ஐன் என்றால் ஒன்று, டொப் என்றால் சட்டி. ஏழைகள் வீட்டுச் சாப்பாடு. ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933 இல், ஒக்ரோபர் தொடக்கம் குளிர்கால மாதங்களில் மாதம் ஒரு ஞாயிறு இதைத்தான் சாப்பிட வேண்டும் என்று வைத்து, மிச்சம் பிடித்த காசை வீடு வீடாக வாங்கினார்களாம். ஒரு அரசாங்கம் சட்டிக்குள்ளும் கை வைக்கும் என்பது எங்களுக்குப் புதினமல்ல. எப்படியோ, அந்த ஆட்சி போய்விட்டது, சூப் மிஞ்சிவிட்டது.

அந்த அம்மாவே தன்னுடைய பழைய பிரஷர் குக்கரையும் எங்களுக்குத் தந்தா. எங்களுக்குத் தெரிந்த குக்கர் மேலே குண்டு வைத்த இந்தியக் குக்கர். மூன்று விசில் அடித்தால் பருப்பு, ஐந்து விசில் அடித்தால் இறைச்சி. இங்கத்தையது விசிலே அடிக்காது. முதல்நாள் நாங்கள் விசிலுக்குக் காத்திருந்து, கடைசியில் அவரை களியாகி அடியும் பிடித்துவிட்டது. மூடியின் நடுவில் ஒரு ஊசி இருக்கிறது. உள்ளே ஆவி நிறைய அது மேலே எழும்பும். அதில் இரண்டு வளையம் தெரியும். முதல் வளையம் மரக்கறிக்கு, இரண்டாவது வளையம் இறைச்சிக்கும் அவரைக்கும். இரண்டாவது வளையம் தெரிந்ததும் சூட்டைக் குறைத்து, அந்த நேரத்திலிருந்துதான் மணி பார்க்க வேண்டும். சாதாரணச் சட்டியில் தண்ணீர் 100 பாகையில் கொதித்து அதற்குமேல் ஏறாது. பூட்டிய சட்டியில் ஆவி வெளியே போகாததால் 115 பாகைக்கு மேலும் ஏறும். அதுதான் ஒன்றரை மணித்தியால வேலை கால் மணித்தியாலத்தில் முடிகிறது. எங்கள் தொழிற்சாலைக் கொதிகலனும் இதே சங்கதிதான், அளவு மட்டும் பெரிது.

இந்தச் சட்டியை முதலில் செய்தவர் டெனி பாப்பான் என்ற பிரெஞ்சுக்காரர். 1679 இல் லண்டன் ரோயல் சொசைட்டியில் அதைக் காட்டினார். 1682 இல் அந்தச் சங்கத்தாருக்கு அதிலேயே சமைத்து விருந்தும் வைத்தார்கள். சட்டி வெடிக்காமலிருக்க ஆவி தானாகத் திறந்து போகும் வால்வையும் அவர்தான் பொருத்தினார். அவர் புரட்டஸ்தாந்து சமயத்தவர். 1685 இல் பிரெஞ்சு அரசன் அச்சமயத்தைத் தடைசெய்த பின் அவருக்குச் சொந்த நாட்டுக்குத் திரும்ப வழியில்லாமல் போயிற்று. ஜேர்மனியில் மார்பூர்க் நகரில் வந்து படிப்பித்தார். அவரும் எங்கடை ஆள்தான் என்று நாங்கள் வீட்டில் பகிடியாகச் சொல்லிக்கொள்வோம்.

இனி டொக்டர் கதை. ஒரு வெள்ளிக்கிழமை. இரண்டு நாளைக்குக் காணட்டும் என்று ஒரு கிலோ அவரையை ஒரே தரத்தில் போட்டு, சட்டியின் கழுத்து மட்டும் தண்ணீர் விட்டோம். அவரை ஊதும், நுரைக்கும். அதனால் சட்டியில் பாதிக்குமேல் நிரப்பக்கூடாது. எங்களுக்கு அது தெரியாது. மூடியிலிருந்த ரப்பர் வளையமும் எத்தனை வருடத்துப் பழசோ. அவரைத் தோல் வால்வுக்குள் போய் அடைத்திருக்க வேண்டும். ஊசி எழும்பவில்லை. ஆவி இல்லை என்று நினைத்து, பசியில் பிடியை நெரித்துத் திறந்தோம். மூடி பறந்தது. கொதிகூழ் கையிலும் மார்பிலும் கொட்டுண்டது. பெரியவன் அப்போதுதான் தண்ணீர் குடிக்கவென்று குசினி வாசலுக்கு வந்து நின்றான். இரண்டடி தள்ளி. அந்த இரண்டடியை நாங்கள் இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பதுண்டு.

ஊரில் செய்கிறமாதிரி பற்பசையைப் பூசினோம். மறுநாள் டொக்டர் அதைக் கழுவி எடுக்கிறபோதுதான் அழுகை வந்தது. நல்ல ஏச்சு. சூடு பட்டால் குழாய்த் தண்ணீரை, ஐஸ் இல்லை, சாதாரணக் குளிர்த் தண்ணீரை, 10 நிமிடத்திற்குக் குறையாமல் ஓட விடவேண்டும். பற்பசை, எண்ணெய், மஞ்சள் ஒன்றும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்கவும் கூடாது.

கையைக் கட்டிக்கொண்டு திங்கள் வேலைக்குப் போகத்தான் வெளிக்கிட்டோம். ஒப்பந்தம் ஒரு வருடத்துக்குத்தான், வராவிட்டால் நிறுத்திப்போடுவான்கள் என்ற பயம். டொக்டர் இரண்டு கிழமை லீவு எழுதியும் அதைக் கொடுக்கப் பயந்தோம். கூட வேலைசெய்யும் ஒரு துருக்கி அண்ணைதான் சொன்னார்: வேலையில் சேர்ந்து நாலு கிழமை கடந்துவிட்டால், வருத்தம் என்று டொக்டர் எழுதினால் ஆறு கிழமை வரைக்கும் முழுச் சம்பளம் தரவேண்டும் என்பது சட்டம். தற்காலிக வேலைக்காரருக்கும் அது பொருந்தும். ஆனால் வேலைக்கு வரமுடியாது என்பதை அன்றைக்கே அறிவிக்க வேண்டும். சூப் சட்டியைப் பற்றி எழுத வந்து இதை ஏன் எழுதுகிறோம் என்று கேட்கக்கூடாது. சூப் சுட்டதால்தான் எங்களுக்கு இது தெரியவந்தது.

இப்போது வைத்திருப்பது வேறு குக்கர், புதிது, 6 லீற்றர். ஆவி இருக்கும்வரை பூட்டு விடாது. ரப்பர் வளையத்தை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறோம். அது கடையில் தனியாகவே விற்கிறது. வால்வுத் துவாரத்தை ஒவ்வொருமுறையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறோம்.

சமைக்கிற விதம் இப்படி. வெள்ளை அவரை 500 கிராமை முதல்நாள் இரவு ஒன்றரை லீற்றர் தண்ணீரில் ஊறப்போடுங்கள். துருக்கிக் கடைகளில் மலிவு, விதையும் புதிது. பழைய விதை எவ்வளவு அவித்தாலும் கல்லாகத்தான் கிடக்கும். உங்கள் கேத்திலில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிகிறதென்றால் அது கடின தண்ணீர், அவரை வேகாது. ஊறப்போடும்போது ஒரு சிட்டிகை அப்பச்சோடாவைப் போடுங்கள். காலையில் அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, கழுவி, ஒண்டேகால் லீற்றர் புதுத் தண்ணீர், வெட்டிய வெங்காயம், நாலு பல்லு உள்ளி, ஒரு மேசைக்கரண்டி எண்ணெயோடு பூட்டுங்கள். எண்ணெய் நுரையை அடக்கும். இரண்டாவது வளையம் வந்தபின் 15 நிமிடம். பிறகு அடுப்பை நிறுத்தி, ஊசி தானாக விழும்வரை தொடாதீர்கள். அவசரத்திற்கு ஆவியைத் திறந்துவிட்டால் நுரையும் சேர்ந்து சீறும். மின் அடுப்பென்றால் சட்டியைச் சூடான தட்டிலிருந்து இறக்கி வையுங்கள், அது நிறுத்தினாலும் நெடுநேரம் சுடும்.

திறந்தபின் பூட்டவேண்டாம். கரட், லீக்ஸ், செலரிக் கிழங்கு மூன்றும் கட்டாகச் சூப்புக்கென்றே கடையில் கிடைக்கும். அதை வெட்டி, மூன்று உருளைக்கிழங்கோடு போட்டு 15 நிமிடம் அவியுங்கள். தக்காளி, தேசிப்புளி, வினாகிரி எதுவானாலும் அவரை நன்றாக வெந்தபிறகுதான். புளி முந்திச் சேர்ந்தால் தோல் இறுகிவிடும். உப்பும் கடைசியில், ஏனென்றால் சொசேஜிலேயே நிறைய இருக்கிறது.

புகைபோட்ட மெட்வூர்ஸ்ட் என்றால் கிழங்கோடு சேர்த்தே அவியவிடலாம், அதன் மணம் சூப்பில் இறங்கும். மெல்லிய வீனர் என்றால் அடுப்பை நிறுத்தியபிறகு போட்டு 10 நிமிடம் மூடிவிடுங்கள். கொதித்தால் வெடித்துச் சப்பென்று போகும். இரண்டும் பெரும்பாலும் பன்றி. பன்றி சாப்பிடாதவர்களுக்குத் துருக்கிக் கடையில் சுசுக் என்று உள்ளி போட்ட மாட்டு சொசேஜ் உண்டு. மாடும் வேண்டாதவர்கள் கோழி சொசேஜ் வாங்கலாம், ஆனால் பைக்கற்றின் பின்பக்கத்தைப் படியுங்கள். கோழி என்று போட்டதிலும் சிலவேளை பன்றிக் கொழுப்புச் சேர்ந்திருக்கும். ஹம் காமாட்சி அம்பாள் கோயில் தேர் நாட்களில் நாங்கள் புகைபோட்ட டோபுவைத்தான் வெட்டிப் போடுகிறோம். குறை சொல்ல ஒன்றுமில்லை.

கடைசியாக எங்கள் கைவேலை. சிறு தாச்சியில் எண்ணெய் விட்டு, செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம், கறிவேப்பிலை, சின்ன வெங்காயம் தாளித்து, ஒரு தேக்கரண்டி யாழ்ப்பாணத் தூளைப் போட்டுக் கருகுமுன் சூப்பில் கொட்டுங்கள். பிள்ளைகளுக்கு முதலில் கொஞ்சம் எடுத்து வைத்துவிட்டுத்தான். மறுநாள் அது தடித்துக் கறிபோல வரும். புட்டுக்கு நல்ல சோடி.

ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில் "இரவைக்கு என்ன சாப்பாடு?" என்று கேட்பா. "அவரைக்கறி அம்மா" என்போம். பின்னுக்கு நின்று சின்னவன் "வூர்ஸ்ட்! வூர்ஸ்ட்!" என்று கத்துவான். "அதென்னடா?" என்று அம்மா கேட்க, நாங்கள் லைன் சரியில்லை என்போம்.

இப்போது குசினி நிலத்தில் சிவப்பு ரேப் ஒன்று ஒட்டியிருக்கிறோம், அடுப்பிலிருந்து நாலடி தள்ளி. சட்டி பூட்டியிருக்கும்போது பிள்ளைகள் அதைத் தாண்டக்கூடாது. பின்னேர வேலைக்குப் போகிறவர் அவரையை அவித்து வைத்துவிட்டுப் போக, காலை வேலை முடிந்து வந்தவர் மிச்சத்தைச் செய்வார். வெள்ளிக்கிழமைகளில் பிள்ளைகள் பத்தரை வரை முழித்திருப்பார்கள், நாலு பேரும் ஒன்றாகச் சாப்பிட. மேல்வீட்டு அம்மாவுக்கும் ஒரு கோப்பை போகும். போனமுறை தூள் கொஞ்சம் கூடிவிட்டது. மூக்கைத் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டாவாம். கோப்பையைக் கழுவி, அதற்குள் ஆறு முட்டை வைத்துத் திருப்பி அனுப்பியிருந்தா.