செக்ரோலும் ஒரு வாழ்க்கைத் தொடரும்

ஹட்டன், நுவரெலியா மலைகளில் விடியற்காலைப் பெரட்டுக்களத்தைக் கண்ட நேயர்களுக்குச் செக்ரோல் என்னும் ஏடு புதிதன்று. வேலைக்கு வந்தவருக்கு அன்று ஒரு 'பேர்'. கொழுந்து குறைந்தால் அரைப்பேர். மாத முடிவில் பேர்களைக் கூட்டிச் சம்பளம் கொடுப்பதற்கென்றே ஏற்பட்ட ஏடு அது.

ஆயினும் ஆள், செயல், நாள் என்ற மூன்றும் ஒரு வரியில் சேர்ந்துவிட்டால், அவ்வரி எழுதியவரின் நோக்கத்தைக் கடந்து பயன்படும். ஒருவருடைய வரிகளை மட்டும் பிரித்தெடுத்து நாள் வரிசையில் கோத்துப் பாருங்கள். சம்பளக் கணக்கு வாழ்க்கைத் தொடராகிவிடும். இன்று கணினியில் நிகழ்வுப் பதிவுகளை ஆராய்வோர் செய்வதும் இதுவே.

மலைநாட்டில் அவ்வாறு கோக்கவேண்டிய நெருக்கடி முன்னரே வந்தது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவரானோருக்கு, 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் ஒரு குறுகிய வாயிலைத் திறந்தது. 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன், மணமானவர் ஏழாண்டும் ஏனையோர் பத்தாண்டும் இடையறாது இலங்கையில் வதிந்ததைக் காட்டவேண்டும். இடையில் வெளிநாடு சென்றிருந்தால், ஒவ்வொரு முறையும் பன்னிரண்டு மாதங்களுக்கு மேற்படலாகாது.

இங்கேதான் சிக்கல். செக்ரோல் வந்த நாளைச் சொல்லும். வராத நாளைப் பற்றி வாய் திறவாது. காய்ச்சலா, பிள்ளைப்பேறா, அடுத்த தோட்டத்துக்குக் குடிபெயர்ந்தாரா, தாயைக் காணத் தமிழகம் சென்றாரா? நான்குக்கும் ஏட்டில் ஒரே வெற்றிடந்தான். பதிவு இல்லை என்பதும் நிகழ்ச்சி இல்லை என்பதும் வெவ்வேறு. இதனை மறந்து படிப்பவர், ஏட்டின் இடைவெளியை மனிதர்மீது ஏற்றிவிடுவார்.

பிறப்புப் பதிவு, பள்ளி இடாப்பு முதலியவற்றைக் கொண்டு வெற்றிடத்தை நிரப்பலாமே எனலாம். நிரப்பலாம், ஆள் ஒருவரே என்று நிலைநாட்ட முடிந்தால். ஓர் எழுதுவினைஞருக்கு அவர் முத்துசாமி, மற்றவருக்கு முத்தசாமி. ஒரே லயத்தில் மூன்று முத்துசாமிகளும் இருக்கக்கூடும். கணினிக்கும் இன்றுவரை கடினமான வேலை இது. முன்னொரு காலத்தில், தோட்டம் மாறும் தொழிலாளியுடன் 'துண்டு' என்றொரு சீட்டுச் சென்றது. அது கங்காணிக்கு அவர் பட்ட கடனைச் சொல்லும் சீட்டு, 1921இல் ஒழிக்கப்பட்டது. ஒழிந்தது நன்றே. ஆனால் இரண்டு தோட்டங்களின் ஏடுகளை இணைக்கும் சிக்கல் அத்துடன் தீர்ந்துவிடவில்லை.

1964 ஒக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானபோது, பிரஜாவுரிமையற்றோர் 9,75,000 பேர் எனக் கணக்கிடப்பட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரின் முடிவு 1974 வரை தள்ளிப்போயிற்று. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், அந்த ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும், இங்கு வதியும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் உரிமை அளித்தது. 1946க்கு முந்திய ஏட்டை அதற்காக எவரும் புரட்ட வேண்டியிருக்கவில்லை.