பயிற்சி மருத்துவர் மாறும்போது நோயாளிகள் அறிய வேண்டியவை

கொரட்டூரிலிருந்து கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சென்று உள்நோயாளியாகச் சேர்பவர்கள், நேற்று வரை கவனித்த இளம் மருத்துவர் இன்று வராததைக் கண்டு கலங்குவதுண்டு. இது வழக்கமான பணிமாற்றமே. ஹவுஸ் சர்ஜன் எனப்படும் பயிற்சி மருத்துவர்கள் ஓராண்டுக் காலம் துறைதோறும் சுழன்று பணியாற்றுகின்றனர். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி பொது மருத்துவத்தில் 6 வாரங்கள். குழந்தைகள் நலத்தில் 3 வாரங்கள் மட்டுமே. சிகிச்சைக்கான பொறுப்பு யூனிட்டின் மூத்த மருத்துவர்களிடமே தொடர்கிறது.

கேஸ் ஷீட்டில் எழுதப்பட்டவை எளிதில் விடுபடுவதில்லை. வாய்மொழியாகச் சொன்னவையும், முடிவு வராத பரிசோதனைகளுமே விடுபடக்கூடியவை. திசுப் பரிசோதனைக்கு அனுப்பியவர் வேறு துறைக்குச் சென்றபின் அதன் முடிவை யார் பார்ப்பது? பணி ஒப்படைப்பு இதற்காகவே. அமெரிக்கா, கனடாவிலுள்ள 9 மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவுகளில் ஒப்படைப்பை எழுத்திலும் பேச்சிலும் ஒரே ஒழுங்கில் செய்யத் தொடங்கியபின், தவிர்க்கக்கூடிய பாதிப்புகள் 30 சதவீதம் குறைந்ததாக 2014இல் வெளியான ஆய்வு தெரிவித்தது.

புதிய மருத்துவரிடம், ஒவ்வாத மருந்து, நிறுத்தச் சொன்ன மாத்திரை, வரவேண்டிய பரிசோதனை முடிவு ஆகியவற்றை உடனிருப்பவர் தாமே கூறலாம். முன்பே சொல்லிவிட்டோமே என்று தயங்க வேண்டாம். மருந்தின் பெயர் நினைவில்லையெனில் மாத்திரை அட்டையைக் காட்டினால் போதும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் பெறுவோர் அந்தக் குறிப்பேட்டையும் கொண்டு செல்லவும்.

வீடு திரும்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரியில் யூனிட்டின் பெயரும், மீண்டும் வரவேண்டிய நாளும், நிலுவையிலுள்ள பரிசோதனைகளும் குறிக்கப்பட்டுள்ளனவா எனப் பார்க்கவும். மருத்துவரின் பெயரை மட்டும் நினைவில் வைத்திருந்தால், அடுத்த முறை அவர் வேறு துறையில் இருக்கக்கூடும்.