நம்பர் இருக்கா?

டிரங்குப் பெட்டி – 9

"கேஸு நம்ம பக்கம்தாண்டா முடிஞ்சுது. திண்டிவனம் கோர்ட்டுல. உங்க தாத்தா அன்னிக்கு டீக்கடையில இருந்த அத்தினி பேருக்கும் டீ சொன்னாரு."

எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து சித்தப்பா சொல்லிவரும் கதை இது. இரண்டு காணி மானாவாரிக் கொல்லை. தாத்தா காலத்தில் மல்லாட்டை போட்டார்கள், இப்போது சவுக்கு நிற்கிறது. 1980களில் யு.டி.ஆர். என்ற நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் வந்தபோது பட்டா பக்கத்துக் கொல்லைக்காரர் பெயரில் ஏறிவிட்டது. தாத்தா தாவா போட்டார், ஜெயித்தார். கதை அவ்வளவுதான். இப்போது அந்தப் பட்டாவைத் திருத்த மனுப் போடப் போனால் தீர்ப்பும் டிக்ரியும் இணைக்க வேண்டும். வீட்டில் கதைதான் இருக்கிறது, காகிதம் இல்லை.

"எந்த வருஷம் சித்தப்பா?"

"மறியல் வருஷம். வாய்தாவுக்குப் போவ பஸ்ஸு இல்ல. நானும் உங்க அப்பனும் சைக்கிள்லயே திண்டிவனம் போனோம்."

எங்கள் பக்கத்தில் இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: 1987 செப்டம்பரில் வன்னியர் சங்கம் ஒரு வாரம் நடத்திய சாலை மறியல். அதே வருஷம் டிசம்பரில் எம்.ஜி.ஆர். மறைந்தார். ஆகவே வருஷம் 1987 என்று நோட்டில் எழுதிக்கொண்டு, துப்புத் துலங்கிய தெம்பில் திண்டிவனத்துக்கு ரயில் ஏறினேன்.

தெரிந்த வக்கீலின் குமாஸ்தா ஒருவர். அறுபதைத் தாண்டியவர். நான் கதையை ஆரம்பித்து டீக்கடைவரை வருவதற்குள் கையை உயர்த்தினார்.

"அதெல்லாம் இருக்கட்டும் சார். நம்பர் இருக்கா?"

"வருஷம் இருக்கு. 1987."

"அது தீர்ப்பு வந்த வருஷமா, கேஸ் போட்ட வருஷமா?"

தொடரின் இந்த வாரப் பாடம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் நான்காவது கட்டளை, இரண்டாவது விதி சொல்வது இது: தாக்கலாகும் ஒவ்வொரு தாவாவையும் நீதிமன்றம் ஒரு பதிவேட்டில் ஏற்ற வேண்டும், வருடா வருடம், கோப்பில் ஏற்ற வரிசைப்படி எண் கொடுக்க வேண்டும். அந்த எண்தான் வழக்கின் பெயர். பிராது ஏற்கப்பட்ட வருஷம்தான் அதன் பின்னால் ஒட்டும். 1984இல் போட்ட வழக்கு 1987இல் முடிந்தாலும், மேல்முறையீடு போய் 1995வரை இழுத்தாலும், அது 1984ஆம் வருஷத்து ஓ.எஸ்., அதாவது அசல் வழக்குதான். ஜனங்களுக்கு ஜெயித்த நாள் நினைவிருக்கிறது. கோர்ட்டுக்குப் பிறந்த நாள்தான் தெரியும்.

குமாஸ்தாவிடம் தெரியாமல் ஒரு யோசனை சொன்னேன். "தாத்தா பேரை வச்சுத் தேட முடியாதா?" அவர் சிரிக்கவில்லை. அதுவே பெரிய மரியாதை.

பெயரை வைத்துத் தேட இன்று வழி உண்டு. இ-கோர்ட்ஸ் தளத்தில் வாதி, பிரதிவாதி பெயரையும் வருஷத்தையும் கொடுத்துப் பார்க்கலாம். வழக்கு எண், தாக்கல் எண், வக்கீல் பெயர், எந்தச் சட்டம் என்பதைக் கொண்டும் தேடலாம். ஒவ்வொரு வழக்குக்கும் பதினாறு எழுத்து-எண் கொண்ட சி.என்.ஆர். அடையாளம் உண்டு, நடக்கிற வழக்குக்கு அதைவிடச் சுலபமான சாவி கிடையாது. ஆனால் பெயரை ஆங்கிலத்தில் எந்த எழுத்துக்கூட்டலில் ஏற்றினார்களோ, அதில்தான் தேட வேண்டும். கோவிந்தசாமி என்றால் கடைசியில் ஒய்யா, ஐயா, நடுவில் டபிள்யூ உண்டா, முதலெழுத்து ஜியா, கேயா என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். ஊரில் பாதிப் பேர் கோவிந்தசாமி என்பது தனிக் கதை. இதெல்லாம் புதிய வழக்குக்குத்தான். கணினி வருவதற்கு வெகு முன்னரே முடிந்த வழக்குகள் பெரும்பாலும் அந்தத் திரையில் இல்லை. எண்பதுகளின் வழக்கு பதிவேட்டிலும் வழக்குக் கட்டிலும்தான் இருக்கிறது. நம்பர் தெரியாதவர் வருஷத்தைச் சொல்லிப் பதிவேட்டைத் தேடக் கேட்கலாம். ஆனால் முனிசீப் கோர்ட்டின் ஒரு வருஷம் என்பது நூற்றுக்கணக்கான தாவாக்கள்.

முனிசீப் என்றதும் எனக்கு மாயூரம் வேதநாயகம் பிள்ளை ஞாபகம் வருவார். தமிழின் முதல் நாவலை எழுதியவர் என்று பள்ளியில் படிக்கிறோம். ஜில்லா முனிசீப்பாக இருந்தவர் என்பதை ஒரு வரியில் தாண்டிவிடுகிறோம். 1805 முதல் 1861 வரையிலான உயர்மட்ட நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் 'சித்தாந்த சங்கிரகம்' என்று தொகுத்துத் தந்தவர் அவர். ஆங்கிலம் தெரியாத ஜனங்கள் தங்கள் வழக்கைப் பற்றிய சட்டத்தைத் தாங்களே படிக்கட்டும் என்று நினைத்த ஒரு முனிசீப். நாவலைவிட இது பெரிய காரியம் என்று நான் சொன்னால் இலக்கிய நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

அந்த ஜில்லா முனிசீப் பதவி 1816ஆம் ஆண்டு மதராஸ் ஒழுங்குமுறைச் சட்டத்தில் வந்தது. இன்றைக்கும் முனிசீப், சப் கோர்ட், மாவட்ட நீதிமன்றம் என்ற மூன்று படிகளை நிர்ணயிப்பது 1873ஆம் ஆண்டின் உரிமையியல் நீதிமன்றங்கள் சட்டம்தான். படிகள் மாறவில்லை, படிகள் எந்த ஊரில் என்பது மாறிவிட்டது. விழுப்புரம் தனி மாவட்டமானது 1993 செப்டம்பர் 30இல். அதற்கு முன் திண்டிவனமும் விழுப்புரமும் தென்னாற்காடு, தலைநகர் கடலூர். எங்கள் வழக்கில் எதிராளி 1988இல் மாவட்ட நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போயிருந்தால், அதன் சுவட்டைத் தேடி விழுப்புரத்தில் நின்று பயனில்லை, கடலூருக்குப் போக வேண்டும். செஞ்சி, வானூர் மாதிரி ஊர்களுக்குத் தனிக் கோர்ட் வரும்போது அந்த எல்லைக்குட்பட்ட வழக்குகள் அங்கே மாறும், மாறும்போது புது எண்ணும் விழும். மேல்முறையீட்டில் கீழ்க்கோர்ட் கட்டை மேல்கோர்ட் வரவழைக்கும். முடிந்தால் கட்டு இறங்கி வரும். ஆகவே ஒரு பழைய வழக்கைத் தேடுகிறவர் முதலில் கேட்க வேண்டியது, கட்டு கடைசியாக எங்கே இறங்கியது என்பதைத்தான். வானூர்ப் பக்கத்துக் குடும்பங்களுக்கு இன்னொரு தலைவலி. கொல்லையின் ஒரு துண்டு புதுச்சேரி எல்லைக்குள் இருந்தால், 1954க்கு முந்தைய காகிதம் நோத்தேர் என்ற பத்திரப் பதிவாளர் பிரெஞ்சு மொழியில் எழுதியதாக இருக்கலாம். அது தனி வாரத்துக்கான சமாச்சாரம்.

நம்பருக்கு வருவோம். திண்டிவனத்தில் கிடைக்காத நம்பர் கடைசியில் எங்கே கிடைத்தது தெரியுமா? சார்பதிவாளர் அலுவலகத்தில்.

குமாஸ்தாதான் வழி சொன்னார். "உங்க நெலத்துக்கு வில்லங்கம் போடாதீங்க சார். உங்க தாத்தா விக்கல, வாங்கல, அதுல ஒண்ணும் வராது. எதிராளி நெலத்துக்குப் போடுங்க."

போட்டேன். பதிவுத்துறையின் தளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்தால் பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975வரை பின்னோக்கிப் பார்க்கலாம். பக்கத்துக் கொல்லை 1991இல் கைமாறியிருந்தது. அந்தக் கிரயப் பத்திரத்தின் நகலுக்கு மனுப் போட்டு வாங்கினேன். சொத்து தனக்கு எப்படி வந்தது என்று விற்பவர் சொல்லும் பத்தியில், திண்டிவனம் மாவட்ட முனிசீப் கோர்ட்டில் நடந்த அசல் வழக்கின் எண்ணும் வருஷமும் பளிச்சென்று இருந்தன. எங்கள் வீட்டில் யாரும் எழுதிவைக்காத நம்பரை, தோற்றவர் வீட்டுப் பத்திரம் காப்பாற்றி வைத்திருந்தது. வருஷம் 1984.

இதில் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. நம் மாவட்டத்து உரிமையியல் வழக்குகளில் பெரும்பகுதி மண்ணைப் பற்றியது. பிராதின் கடைசியில் சொத்து விவரம் என்று கிராமம், சர்வே எண், நான்கு எல்லை எல்லாம் எழுதியாக வேண்டும். இருந்தும், "இந்தக் கிராமத்தில் இந்த சர்வே எண்ணின் மேல் என்னென்ன வழக்கு நடந்திருக்கிறது?" என்று கோர்ட்டைக் கேட்க வழியில்லை. பழைய பதிவேட்டில் இல்லை, புதிய தளத்திலும் இல்லை. நிலம் வாங்குகிறவன் வில்லங்கத்தைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறான். அதே நிலத்தின் மேல் ஒரு தாவா நடந்துகொண்டிருப்பது அதில் தெரியாமலே போகலாம். தளத்தில் தேடும் கட்டங்களோடு இன்னும் ஒரு கட்டம் சேர்த்தால் போதும். அமெரிக்காவில் கவுண்டி நீதிமன்றங்களின் எழுத்தர்கள் வாதி பெயர் வரிசை ஒன்று, பிரதிவாதி பெயர் வரிசை ஒன்று என இரண்டு அட்டவணைகளைக் காலங்காலமாக வைத்துவந்தார்கள். வழக்குக்குச் சம்பந்தமில்லாதவரும் உள்ளே போய்ப் புரட்டலாம். நமக்குப் பெயர் வரிசையைவிட சர்வே எண் வரிசைதான் உதவும்.

எவரும் புரட்டலாம் என்பதில் எனக்கு அரைமனது. குடும்பச் சண்டைகளை ஊரார் படிக்க வேண்டுமா என்ன. நம் நடைமுறையில், வழக்கில் கட்சியாக இல்லாதவர் நகல் கேட்டால் எதற்காக வேண்டும் என்று பிரமாண வாக்குமூலம் போட்டு நீதிமன்றத்தின் அனுமதியைப் பெற வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டால் போதாதா என்று கேட்பவர்களுக்கு உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 4 அன்று குஜராத் உயர் நீதிமன்றம் தொடர்பான வழக்கில் பதில் சொல்லிவிட்டது: வழக்குக் கட்டின் நகல் நீதிமன்ற விதிகளின்படிதான், தகவல் உரிமைச் சட்டப்படி அல்ல. நான் தாத்தாவின் வாரிசு என்பதற்கு வாரிசுச் சான்றைக் காட்ட வேண்டியிருந்தது.

நம்பர் கிடைத்த பிறகு வேலை பெரிதில்லை. நகல் மனுவில் கோர்ட், வழக்கு எண், கட்சிக்காரர் பெயர், தீர்ப்பு தேதி, என்னென்ன காகிதம் வேண்டும் என்று எழுதி, கோர்ட் பீஸ் ஸ்டாம்பு ஒட்டிக் கொடுக்க வேண்டும். 'தீர்ப்பு' என்று மட்டும் எழுதினால் தீர்ப்பு மட்டும்தான் வரும். டிக்ரியைத் தனியாகக் கேட்க வேண்டும். சொத்து விவரம் டிக்ரியில்தான் ஒழுங்காக இருக்கும், பட்டா வேலைக்கு அது இல்லாமல் முடியாது. எத்தனை பக்கம், எவ்வளவு கட்டணம் என்று கணக்குப் பார்த்து அறிவிப்புப் பலகையில் போடுவார்கள். அந்தப் பலகையைப் பார்க்காமல் வீட்டிலேயே இருந்தால், கெடு தாண்டி மனு தள்ளுபடியாகும். பிறகு கோர்ட்டைத் திட்டிப் பிரயோசனமில்லை.

நகல் வந்ததும் எல்லோரும் முதல் பக்கத்தைப் படிக்கிறார்கள். கடைசியில் உள்ள குறிப்பையும் படியுங்கள். மனு எப்போது போட்டது, ஸ்டாம்பு எப்போது கேட்டது, எப்போது கட்டியது, நகல் எப்போது தயாரானது என்று தேதிகள் இருக்கும். மேல்முறையீட்டுக்கு மாவட்ட நீதிமன்றம் என்றால் 30 நாள், உயர் நீதிமன்றம் என்றால் 90 நாள். நகல் வாங்கப் பிடித்த காலத்தைக் காலவரம்புச் சட்டத்தின் 12ஆவது பிரிவு அதில் கழித்துக்கொள்ளச் சொல்கிறது. கழிப்பது அந்தத் தேதிகளை வைத்துத்தான். தளத்திலிருந்து இறக்கிய பி.டி.எஃப். படிப்பதற்கு நல்லது, முத்திரையும் கையெழுத்தும் உள்ள சான்றிட்ட நகலின் இடத்தை அது பிடிக்காது.

நகலை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். சித்தப்பாவுக்குக் கண் சரியில்லை, நானே படித்தேன். பிராதில் தாத்தா இரண்டு பரிகாரம் கேட்டிருந்தார். சொத்து தனக்குப் பாத்தியப்பட்டது என்று விளம்புகை ஒன்று. தன் அனுபவத்தில் பிரதிவாதி தலையிடக் கூடாது என்று நிரந்தர உறுத்துக்கட்டளை ஒன்று. முனிசீப் இரண்டாவதைக் கொடுத்திருந்தார். முதலாவதைத் தள்ளியிருந்தார், தாத்தா போட்ட முதல் சான்றாவணமான வா.சா.ஆ. 1 பத்திரத்தில் ஒரு எல்லை பொருந்தவில்லை என்று.

சித்தப்பா கொஞ்ச நேரம் சவுக்குத் தோப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப பாதிதான் ஜெயிச்சமா?"

"பாதிதான் சித்தப்பா."

"அப்பறம் எதுக்குடா ஊருக்கே டீ வாங்கிக் குடுத்தாரு?"

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேஸ் கதை கேட்கும்போது கோர்ட், நம்பர், வருஷம் மூன்றையும் கேட்டு எழுதிவையுங்கள். அவர்களுக்குத் தெரியாவிட்டால் எதிராளி நிலத்தின் பத்திரத்தைப் பாருங்கள். வழக்குக் கட்டுகளை எவ்வளவு காலம் வைத்திருப்பது, எப்போது அழிப்பது என்பதற்கு 1917ஆம் ஆண்டின் பதிவேடுகள் அழிப்புச் சட்டத்தின்கீழ் விதிகள் உண்டு. வழக்கும் மேல்முறையீட்டுக் கெடுவும் முடிந்த பிறகு, தாக்கல் செய்த அசல் பத்திரத்தைத் திரும்பக் கேட்க உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 13ஆவது கட்டளை, 9ஆவது விதி இடம் தருகிறது. உங்கள் தாத்தாவின் அசல் கிரயப் பத்திரம் கட்டுக்குள் இருந்தால் இந்த மாதமே மனுப் போடுங்கள்.

நாங்கள் போட்டுவிட்டோம். வா.சா.ஆ. 1 கிடைத்ததா என்பதை அடுத்த வாரம் சொல்கிறேன்.