செவ்வாயில் தூசியை அளந்தது எப்படி?

சென்னிமலைத் தறிக் கொட்டகையில் பஞ்சுத்தூசி படிந்தால் துடைத்துவிடலாம். செவ்வாயில் துடைக்க ஆளில்லை. எவ்வளவு படிகிறது என்றாவது தெரிய வேண்டும்.

1997 ஜூலை 4 அன்று அங்கு இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலம் சுமந்துசென்ற சோஜர்னர் ஊர்தியில், இதற்கென்றே ஒரு சிறு சூரிய மின்கலமும் அதன்மேல் கண்ணாடி மூடியும் இருந்தன. தூசி மூடிமேல் படியும். மின்சாரம் பாய்ச்சிச் சூடாக்கினால் சுருங்கும் நிக்கல்-டைட்டானியக் கம்பி, மூடியை விலக்கும். மூடியோடும் மூடியில்லாமலும் கிடைத்த மின்னோட்டங்களை ஒப்பிட்டால், தூசி மறைத்த வெளிச்சம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். எத்தனை எளிய, அழகான யோசனை!

நாளொன்றுக்குச் சுமார் 0.28 விழுக்காடு மின்சாரம் குறைந்தது. அற்பமில்லை: இதே வேகம் நீடித்தால் நூறு நாளில் கால்வாசி போய்விடும். 2018இல் இறங்கிய இன்சைட் கலம் 2022 டிசம்பரில் அடங்கியதும் தூசியால்தான். ஸ்பிரிட், ஆப்பர்ச்சுனிட்டி ஊர்திகளின் சூரிய மின்தகடுகளையோ காற்றே அவ்வப்போது துடைத்துவிட்டது.