பதினான்கு குழிகளில் ஒரு பாடசாலை

"விளையாடியது போதும், படி!" புலம்பெயர்ந்த எமது இல்லங்களில் நாள்தோறும் ஒலிக்கும் கண்டிப்பு இது. வீடும் நிலமும் இழந்து வந்த எமக்குக் கல்வியொன்றே எஞ்சிய முதல் என்பதால் இவ்வச்சம் இயல்பானதே. ஆயினும் எமது பாட்டிமார் திண்ணையிலிருந்து ஆடிய பல்லாங்குழி படிப்புக்குப் பகையன்று. அதுவும் ஒரு படிப்பே.

வரிசைக்கு 7 ஆக இரு வரிசைகளில் 14 குழிகள். குழிக்கு 5 ஆக 70 விதைகள் இட்டு ஆடுவது ஒரு முறை. ஒரு குழியை அள்ளி, அடுத்து வரும் குழிகளில் ஒவ்வொன்றாக இடுகிறோம். கை வெறுமையானதும் அடுத்த குழியை அள்ளித் தொடர்கிறோம். அக்குழி வெறுமையாயின், அதற்கப்பாலுள்ள குழியின் விதைகள் எமக்குரியவை. அத்துடன் எமது முறை முடியும். இடையில் ஒரு குழியில் 4 விதைகள் சேர்ந்தால் அது 'பசு', குழிக்குரியவர் எடுத்துக்கொள்வார்.

ஆட்டத்தின் முதல் முறையில் எந்தக் குழியில் தொடங்கினாலும் 7 விதைகளே கிடைக்கும். ஏன் என்று பிள்ளையிடம் கேளுங்கள்; விடையை மட்டும் சொல்லிவிடாதீர்கள். பலமுறை ஆடிப் பார்த்து, எல்லாக் குழிகளும் சமமாயிருக்கையில் தொடங்குமிடம் பொருட்டன்று என்பதைப் பிள்ளை தானே கண்டுகொள்ளும். அடுத்த முறையிலோ குழிகள் சமமாயிரா. எதை அள்ளினால் எங்கே முடியும் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதற் சுற்றில் ஒருவருக்கு 28 விதைகளே கிடைத்தன எனக் கொள்வோம். மறுசுற்றில் அவர் 5 குழிகளை நிரப்புவார்; 3 விதைகள் மிஞ்சும். வகுத்தலும் மீதியும் இங்கே கைப்பழக்கமாகின்றன. நிரப்ப இயலாத 2 குழிகளும் பாழ். அவற்றில் எவரும் விதை இடார். எனினும் தோற்றவர் எழுந்து போவதில்லை. இருப்பதைக்கொண்டு ஆடுகிறார், போதிய விதைகளை வென்றால் பாழான குழிகளை மீட்கிறார். இப்பாடத்தை எமது பிள்ளைகளுக்கு வேறெந்த நூலில் காட்டுவோம்?

பலகையை ஊரில் விட்டு வந்தோமே என வருந்த வேண்டியதில்லை. தாளில் 14 வட்டங்களும் ஒரு கிண்ணம் கடலையும் போதும். பாடசாலை மொழி அறியாத அம்மம்மா அந்த மேசையில் ஆசிரியையாவார். பேரப்பிள்ளை தமிழில் எண்ணும். இவ்வார விடுமுறையில் அவர்களை எதிரெதிரே அமர்த்துவோம்.