எங்கே படுக்கிறீர்கள் என்று கேட்பதற்கு முன்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடற்றவர்களை பிப்ரவரி 28 அன்று ஒரே இரவில் எண்ணினார்கள். நாடு முழுக்க சுமார் 17.7 லட்சம் பேர். ஆனால் தெருவில் வாழும் பெண்கள் பலர் ராத்திரியில் யார் கண்ணிலும் படாமல் இருக்கத்தான் பார்ப்பார்கள். மறைவுதான் அவர்களுக்குக் கதவும் பூட்டும்.

அதனால் ஆய்வுக்குப் போகிறவர் "ராத்திரி எங்கம்மா படுப்பீங்க?" என்று ஆரம்பிக்கவே கூடாது. அவராகச் சொன்னாலும் இடத்தை எழுதக் கூடாது. எழுதினால் அந்த மறைவு போச்சு.

கேமராவை அவர் கையிலேயே கொடுக்கலாம். 1990களில் சீனாவின் யுனான் மாகாணக் கிராமப் பெண்களிடம் கரோலின் வாங், மேரி ஆன் பர்ரிஸ் இருவரும் அப்படித்தான் கொடுத்தார்கள். இந்த முறைக்கு ஃபோட்டோவாய்ஸ் என்று பேர். எதைக் காட்டுவது, எதை விடுவது என்பதைப் படம் எடுக்கிறவரே முடிவு செய்வார்.

கையெழுத்து வாங்கியதோடு சம்மதம் முடிந்துவிடாது. எழுதியதை வாசித்துக் காட்டி, "இதுல எதையாவது எடுத்துடணுமாம்மா?" என்று கேளுங்க. எடுக்கச் சொன்னால் எடுத்துவிட வேண்டியதுதான், அதுவே நம் கட்டுரையின் முக்கியமான பத்தியாக இருந்தாலும்.